சாம்பிராணி போட்ட குட்டிகள்

ஆராயி அக்காவின் ஆடுகள் நாறும். இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். கோடையில் பரவாயில்லை. கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டால், நனைந்த செம்மறியின் வீச்சம் வேலியைத் தாண்டி வந்து என் ரசத்தில் இறங்கிவிடும். "யக்கா, இன்னிக்கும் எங்க வூட்ல ஆட்டு ரசந்தான்" என்று கத்துவேன். "காசு குடுக்காம கறி வாசன புடிக்கிற, தின்னுட்டு வேலைக்குப் போ" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை.

நான் பிரபா. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகளை, சூளைக்குப் போகும் முன் ஈரத்துணியால் துடைத்து மழமழப்பாக்குவது என் வேலை. எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு இதுதான் பிழைப்பு. தெருவில் நடக்கும்போது காலில் மிதிபடுவதுகூட உடைந்த ஜாடித் துண்டுகள்தான். மழைச்சேற்றுக்குப் பயந்து எல்லோரும் வாசலில் அதைத்தான் கொட்டி வைத்திருப்போம். தெருவின் கடைசி வீடு ஆராயி அக்காவுடையது. அதற்கப்பால் ஏரிக்கரை.

அவள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வரும்போது பீரோவும் கட்டிலும் கேட்டார்களாம் மாப்பிள்ளை வீட்டில். அவளுடைய அப்பா இரண்டு பெட்டைக் குட்டிகளை ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போனாராம். இன்றைக்குக் கொட்டகையில் நிற்கிற முப்பதுக்கும் மேற்பட்ட ஆடுகளும் அந்த இரண்டின் வம்சம். எது யாருக்குப் பேத்தி, எது யாருக்குக் கொள்ளுப்பேத்தி என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். தன் பெரியப்பன் பிள்ளைகள் பெயரைக் கேட்டால் யோசிப்பாள். மகள் வெண்பாவைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவளும் புருஷனும் மட்டும்தான். மகள் போனில் கூப்பிடும்போதெல்லாம் "ஆட்ட வித்துட்டு எங்கூட வந்துடும்மா" என்பாள். "ஆடு எங்க நிக்கும், ஒம் மாடி வூட்லயா?" என்று கேட்டுவிட்டு இவள் போனை வைத்துவிடுவாள்.

கோடையில் அவளைப் பார்ப்பதே அரிது. அறுத்த வயல்களில் உரத்துக்காகக் கிடை போட, புருஷனும் பெண்டாட்டியும் மந்தையை ஓட்டிக்கொண்டு திட்டக்குடி வரைக்கும் போய்விடுவார்கள். மழைக்காலத்தில்தான் ஊரில் இருப்பாள். அதுதான் ஆடுகள் குட்டி போடும் காலம். அதுதான் அவளுக்குப் பரீட்சையும். பனி இறங்கிய புல்லை மேயவிட்டால் ஆட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் வெயில் ஏறிப் பனி காயும்வரை பட்டியைத் திறக்க மாட்டாள். ஆடுகள் பசியில் கத்தும், அவள் பதிலுக்குக் கத்துவாள், என் காலைத் தூக்கம் போகும். மேய்ச்சலுக்குப் போகும்போதும் ராத்திரியிலும் பால்குடிக் குட்டிகளைப் பெரிய மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடிவிடுவாள், நாய்க்கும் நரிக்கும் பயந்து.

அந்தக் கூடைதான் போன வருஷம் எமனாயிற்று.

போன கார்த்திகையில் புயலடித்து ஏரி வாய்க்கால் உடைத்துக்கொண்டது. தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்ததும் பெரிய ஆடுகள் முட்டி மோதிக் கரையேறிவிட்டன. கூடைக்குள் இருந்த குட்டிகளால் முடியவில்லை. விடிந்தபோது பதினேழு குட்டிகள் செத்துக் கிடந்தன. ஆராயி அக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் சாமிக்கண்ணு மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். என் வீட்டுக்காரர் உதவிக்குப் போனதற்கு, "நீ போய்யா, நான் பாத்துக்கறன்" என்று விரட்டிவிட்டார். வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறியது. இறைத்துவிட்டு ஒன்று, மறுபடி வெட்டி இறைத்துவிட்டு ஒன்று என்று சாயங்காலம் வரை ஒரே ஆளாகப் புதைத்து முடித்தார்.

அப்புறம் மண்வெட்டியைக் கழுவி, ஒரு சாக்கில் சுற்றி, வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் செருகினார். நான் அவர்களுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். என் எதிரில்தான் சொன்னார்.

"ஆராயி, கேட்டுக்க. அடுத்த மழைக்கு ஒரே ஒரு குட்டி போனாலும் மந்தய வித்து வண்டி ஏத்திடுவன். இன்னொரு தடவ நான் குழி வெட்ட மாட்டன்."

"ஒண்ணும் போவாது."

"போனா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "போனா ஏத்திக்கங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு விளையாடுகிற பிழைப்பில் ஒன்றுகூடப் போகக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? அவள் அப்பன் வீட்டு ஆடு. அதை ஏற்ற இவர் யார்? ஆனால் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆராயி அக்கா எதில் வேண்டுமானாலும் மாறுவாள், சொன்ன சொல்லில் மாற மாட்டாள்.

ஒரு வருஷம் ஓடியது. இந்தக் கார்த்திகை முடியும்போது எட்டுக் குட்டிகள் இருந்தன. மாமா ஆடு மேய்ப்பார், தழை ஒடிப்பார், எல்லாம் செய்வார். ஆனால் குட்டிகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மண்வெட்டியையும் இறக்கவில்லை. அதனால் கொட்டகையைச் சுற்றி வருஷா வருஷம் வெட்டும் வடிகால் வாய்க்காலும் இந்த முறை இல்லை. அக்கா தன் களைக்கொத்தியால் கீறி ஏதோ ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அது கோழி சீய்த்த மாதிரி இருந்தது.

"கொளஞ்சியப்பர் கோயில்ல இந்த மனுசன் மேல சாமிகிட்ட பிராது எழுதிக் கட்டப் போறன்டி" என்றாள் ஒருநாள்.

"எழுதித் தாரன், கட்டு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்கழி பிறந்த வாரம், மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் செவலை குட்டி போட்டது. செவலை இளம் ஆடு. அதற்கு அதுதான் தலையீற்று. குட்டி என் முழங்கை நீளம்கூட இல்லை. அக்கா அதைத் துடைத்து, தாயை நக்கவிட்டு, சீம்பால் குடிக்கவைத்தாள். அப்புறம் மழையில் நனைந்துகொண்டே போய், குட்டிக்குப் பின்னால் விழுந்த நஞ்சுக்கொடியை, எங்கள் பேச்சில் இளங்கொடியை, நாய் இழுத்துவிடாமல் வேப்பமரத்துப் பக்கம் களைக்கொத்தியால் பள்ளம் பறித்துப் புதைத்தாள். மேலே ஜாடித் துண்டுகளை வைத்து மூடினாள். மாமா கொட்டகைக் கோடியில் தார்ப்பாய்க்குப் பின்னால் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கை கொடுத்தால் குறைந்தா போய்விடுவார் என்று நினைத்தேன்.

பொழுது சாயும்போது தண்ணீர் கொட்டகைக்குள் வந்துவிட்டது. நான் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் நின்றேன். அக்கா இரண்டு கையிலும் இரண்டு குட்டிகளோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். குட்டிகள் நடுங்குவது எனக்கே தெரிந்தது.

"பிரபா, ஒங்க கம்பெனி சூள சூடா இருக்குதா?"

"நேத்துதான் எரிச்சாங்க. ஆறிக்கிட்டு இருக்குது. பக்கத்து ரூம்பு வெதுவெதுன்னு இருக்கும்."

"காலைல வரைக்கும் இதுங்கள அங்க வச்சிக்கடி. பெரிய ஆட்ட நான் மேட்டுல நிறுத்திக்கறன். இந்தக் குளுருல இதுங்க தாங்காது."

ஆட்டு நாற்றத்தைத் திட்டிக்கொண்டே இருக்கிற என்னிடம்தான் கேட்டாள். முடியாது என்று எப்படிச் சொல்வது? ஒன்பது குட்டிகளையும் களிமண் சாக்குகளில் கழுத்து வெளியே தெரியும்படி வைத்து, கம்பெனியிலிருந்து தள்ளுவண்டியை எடுத்துவந்து ஏற்றிக்கொண்டு போனேன். சூளைப் பொறுப்பாளர் கோகுலகிருஷ்ணன் வாசலிலேயே மறித்தார். "இன்னாம்மா இது, கம்பெனியா பட்டியா?" என்றார். ஒரு குட்டி அவர் முகத்தைப் பார்த்து ஈனமாகக் கத்தியது. "பொம்ம பக்கம் போவாமப் பாத்துக்கங்க" என்று வழிவிட்டார்.

நான் என் மேசைக்குப் போய் வேலையில் உட்கார்ந்துவிட்டேன். குட்டிகளை என்னோடு வேலை செய்யும் அன்புக்கரசி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வீட்டில் கைக்குழந்தை. அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு, மனசெல்லாம் பிள்ளை மேல் இருக்கிறவள் கையில் ஒன்பது குட்டிகளைக் கொடுத்தால் என்ன நடக்கும்? குட்டிகள் மேலெல்லாம் சேறும் புழுக்கையும். டீ போடும் பாய்லரில் வெந்நீர் பிடித்தாள். இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொன்றையும் காலில் படுக்கப் போட்டு, தண்ணீர் ஊற்றி, தேய்த்துக் குளிப்பாட்டித் துவட்டினார்கள். சூளைச் சுவரோரம் வரிசையாகப் படுக்கவைத்து, பஞ்சில் நனைத்துப் பசும்பால் புகட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். "குளிப்பாட்ன புள்ளைக்கு சாம்பிராணி போடலன்னா சளி கட்டிக்கும்" என்று அன்புக்கரசி சொல்ல, எல்லோரும் ஆமாம் போட்டார்கள். எங்கள் கம்பெனியில் சூளையை மூட்டும் முன் சாம்பிராணி காட்டும் வழக்கம் உண்டு; சட்டியும் கட்டியும் எப்போதும் இருக்கும். கொட்டாங்கச்சிக் கங்கில் தூவி, ஒவ்வொரு குட்டியையும் மார்பும் முதுகும் படும்படி புரட்டிப் புரட்டிப் புகை பிடித்தார்கள். பொம்மைக்குக் கண் எழுதும் கறுப்பைத் தொட்டு நெற்றியில் திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டார்கள். நான் வந்து பார்த்தபோது ஒன்பதும் பஞ்சுப் பொம்மைகளாகத் தூங்கிக்கொண்டிருந்தன. கோயில் கர்ப்பகிரகம் மாதிரி மணத்தது அறை. முதல்முறையாக ஆராயி அக்காவின் ஆடு நாறவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

காலையில் மழை தூறலாக இறங்கியிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அக்கா கண் சிவந்து, முழங்கால் வரை சேறோடு நின்றாள். பெரிய ஆடுகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. குட்டிகளின் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குட்டியைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. இன்னொன்றைத் தூக்கி முகர்ந்தாள். மூன்றாவதையும் முகர்ந்தாள்.

"இன்னாடி பண்ணீங்க?" என்றாள்.

"குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு..." என்று நான் சொல்லி முடிக்கவில்லை. அவள் ஐயோ என்று தலையில் கை வைத்தாள்.

குட்டிகளை இறக்கிவிட்டோம். அதுவரை குட்டிக்காகக் கத்திய தாய்கள், ஓடிவந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கின. ஒன்று காலைத் தட்டியது. இன்னொன்று தலையைக் குனிந்து வந்து தன் குட்டியையே முட்டித் தள்ளியது. குட்டி உருண்டுபோய் விழுந்து, எழுந்து, மறுபடி அதன் மடிக்கே ஓடியது. மறுபடி முட்டு விழுந்தது. தாய்க்கு அடையாளமே வாசனைதான். அதைத்தான் ராத்திரி முழுக்க நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தோம்.

அக்கா ஒரு தாயைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்துக் குட்டியை மடியில் விட்டாள். அது திமிறித் துள்ளியதில் அவள் வலது கை கொட்டகைக் கம்பத்தில் மோதி நசுங்கியது. மணிக்கட்டு பார்க்கப் பார்க்க வீங்கியது. கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மாமா இதையெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"பழமல, நான்தான். வண்டிய எடுத்துக்கிட்டு வா. ஆமா, மொத்தமும்."

பழமலை பெண்ணாடத்து ஆட்டு வியாபாரி. மழையில் வர மத்தியானம் ஆகும் என்றான் போலிருக்கிறது. "வா, வா" என்று சொல்லிவிட்டு மாமா போனை வைத்தார்.

"மாமா, குட்டி ஒண்ணும் சாவல!" என்று கத்தினேன். "நாங்க பண்ண தப்புக்கு அக்காவ ஏன் தண்டிக்கறீங்க?"

"இதுங்க பொழைக்காது பிரபா" என்றார் மெல்ல. "தாயி சேக்கலன்னா பொழைக்காது. ஒண்ணொண்ணா சாவறத நின்னு பாக்கச் சொல்றியா?"

கல் மனசு என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைக்கூட அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

அக்கா எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சட்டியக் கொண்டாடி" என்றாள் திடீரென்று.

"எந்தச் சட்டி?"

"சாம்பிராணிச் சட்டி. இன்னா மொறைக்கிற, ஓடு!"

கம்பெனிக்கு ஓடினேன். அன்புக்கரசி விஷயத்தைக் கேட்டதும் அழுதுகொண்டே, அங்கிருந்த சாம்பிராணி முழுவதையும் முந்தானையில் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். தாய்களை மேட்டில் ஒன்றாக நெருக்கி நிறுத்தி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடி, உள்ளே புகை போட்டோம். ஆடுகள் தும்மின. நாங்கள் இருமினோம். எங்கள் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. குட்டி மேல் இருக்கிற மணம் தாயின் மூக்கிலும் தாயின் மேலும் ஏறிவிட்டால், அந்நியம் தெரியாது என்பது அக்காவின் கணக்கு. "இப்ப குட்டிங்களக் கத்த வுடு" என்றாள். கூடைக்குள் வைத்துத் தள்ளி நிறுத்தினோம். பசியில் அவை கத்திய கத்தில் ஏரிக்கரை எதிரொலித்தது.

தார்ப்பாயை எடுத்து, கூடையையும் தூக்கினோம். முதலில் ஒரு கிழட்டுத் தாய் காதை நிமிர்த்திப் பதில் குரல் கொடுத்தது. அதன் குட்டி வந்து மடியில் முட்டியது. தாய் திரும்பி முகர்ந்து, குழம்பி, மறுபடி முகர்ந்து, அசையாமல் நின்றது. குட்டியின் வால் துடித்தது. நான் அன்புக்கரசியின் கையை நசுக்கிப் பிடித்திருந்தேன். அடுத்தது சேர்ந்தது. அதற்கடுத்தவற்றின் தலையிலும் வாலடியிலும் அந்தந்தத் தாயின் பாலையே பீய்ச்சித் தடவ வேண்டியிருந்தது. மத்தியானம் வருவதற்குள் எட்டுக் குட்டிகளையும் தாய்கள் சேர்த்துக்கொண்டன. அவற்றின் குரல் தாய்களுக்கு நாள்பட்ட பழக்கம்.

செவலை மட்டும் சேர்க்கவில்லை. நேற்றுப் பிறந்த குட்டியின் குரல் அதற்கு எங்கே தெரியும்? புகைக்கும் மசியவில்லை, பால் தடவியதற்கும் மசியவில்லை. குட்டி கிட்டே போனாலே உதைத்தது. பிடித்துவைத்துப் புகட்டினால் மடியை மறைத்துப் படுத்துக்கொண்டது. குட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கத்துவதை நிறுத்தியது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

அப்போதுதான் வண்டி வந்தது. பழமலை பின்கதவை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணே, சாம்பிராணி மணக்குது? ஆட்டுக்கெல்லாம் தலைக்கு ஊத்தி வழியனுப்பறீங்களா?" என்றான். ஒருவரும் சிரிக்காததால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு குட்டி நிக்குது. தேறாது. ஏத்து" என்றார் மாமா.

"குட்டி இன்னும் சாவல" என்றாள் அக்கா.

"சாவப் போவுது ஆராயி."

"சாவட்டும். அப்பறம் ஏத்துங்க. நான் குடுத்த வாக்கு செத்தாத்தான்."

எழுந்து களைக்கொத்தியை இடது கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனாள். "இளங்கொடி வாசன ஒரு துளி பட்டாப் போதும், சேத்துக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். நானும் பின்னால் ஓடினேன். அங்கே போனால் ராத்திரி வந்த தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் ஒரே வண்டலாக மூடியிருந்தது. ஜாடித் துண்டு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அவள் ஓரிடத்தில் கொத்தினாள். சேறு வந்தது. தள்ளிப்போய்க் கொத்தினாள். வேர் வந்தது. இடது கையால் கொத்தத் தெரியாமல் கொத்தி நழுவியது. நான் கையாலேயே பறித்தேன். "இங்கதான் வச்சன், இங்கதான் வச்சன்" என்றாள். ஆராயி அக்கா அழுது நான் பார்த்ததில்லை. பதினேழு குட்டிகள் செத்துக் கிடந்தபோதுகூட அழவில்லை. இப்போது சேற்றில் மண்டியிட்டு, வீங்கிய கையையும் தரையில் ஊன்றி அழுதாள்.

"அங்க இல்ல."

மாமா வேப்பமரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

"அங்க இல்ல ஆராயி. மரத்துக்கு இந்தாண்ட. நேத்து நீ உக்காந்து பொதைக்கறப்ப ஒம் முதுவு மரத்துல சாஞ்சிருந்துச்சி. ஏரியப் பாத்து உக்காந்திருந்த."

எனக்குச் சுரீர் என்றது. தார்ப்பாய்க்குப் பின்னால் பீடி பிடித்தவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குட்டிகள் பக்கமே திரும்பாத மனுஷன், எது எப்போது பிறந்தது, எங்கே என்ன புதைத்தாள் என்பது வரை பார்த்திருக்கிறார்.

அக்கா அவர் காட்டிய இடத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் வண்டல் அரை முழத்துக்கு ஏறியிருந்தது. அடியில் பீங்கான் துண்டுகள் வேறு. களைக்கொத்திக்கு அது அடங்காது. அவள் எழுந்திருக்கவில்லை. முகத்தை மட்டும் நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

மாமா திரும்பி வீட்டுக்குள் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். வைவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். உள்ளே கூரையில் ஏதோ சரசரத்தது. ஓலைத் தூசியோடு எதையோ இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையில் சாக்கு சுற்றிய மண்வெட்டி இருந்தது. சாக்கை உருவிப் போட்டார். அதன் தகடு முழுக்கத் துரு.

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போன வருஷக் குழிகள். இந்தப் பக்கம் இது. இரண்டுக்கும் நடுவே காலை ஊன்றி நின்றார். மண்வெட்டியை ஓங்கினார், இறக்கிவிட்டார். மறுபடி ஓங்கி வெட்டினார். வண்டலைத் தள்ளத் தள்ளப் பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. நான் குனிந்து கொட்டாங்கச்சியால் இறைத்தேன். இந்த முறை என்னை விரட்டவில்லை. நாலைந்து வெட்டில் மண்வெட்டி பீங்கானில் பட்டு ணங் என்றது.

அதற்கப்புறம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் பறித்தார். ஜாடித் துண்டு ஒன்று விரலைக் கிழித்தது. அதைப் பார்க்கக்கூட இல்லை. அழுகத் தொடங்கியிருந்த இளங்கொடியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். அந்த நாற்றத்தை நான் சொல்ல மாட்டேன். அன்புக்கரசி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். மாமா உட்கார்ந்து குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலையிலும் முதுகிலும் வாலடியிலும் தேய்த்தார். நாங்கள் ராத்திரி சீராட்டிக் குளிப்பாட்டியதெல்லாம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. திருஷ்டிப் பொட்டும் அதோடு போயிற்று.

குட்டியைச் செவலையின் எதிரில் விட்டார். குட்டியால் நிற்க முடியவில்லை. முன்னங்காலை மடித்து விழுந்தது. செவலை குனிந்தது. முட்டப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடித்தொண்டையில் ஒரு சின்னக் கனைப்பு கேட்டது. கண்ணைத் திறந்தேன். செவலை குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கிப் புரட்டி, முகவாயால் தூக்கி நிறுத்தப் பார்த்தது. மாமா பின்னாலிருந்து ஒரு விரலால் குட்டியைத் தாங்கி மடிப்பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த ஈரவால் ஒருமுறை ஆடியது. நின்றது. அப்புறம் விடாமல் ஆடியது.

ஆராயி அக்கா கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். மாமா எழுந்திருக்கவே இல்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. ஒரு வருஷமாக அந்த மனுஷனைக் கல் மனசு, வீம்பு என்று நான் வைததெல்லாம் எனக்கே சுட்டது.

பழமலை வண்டியின் பின்கதவைத் தூக்கிப் பூட்டினான். "அண்ணே, நான் வந்தது வந்தாச்சி, ஒரு டீயாவது குடுங்க" என்றான். அன்புக்கரசி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பிப்போனான்.

மழை மறுபடி கனத்தது. மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் எழுந்து போனார். மண்வெட்டியை எடுத்தார். கொட்டகையைச் சுற்றி, அக்கா கீறிவைத்திருந்த அந்தக் கோழி சீய்த்த கோட்டின் மேலேயே வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்.

"ஆழமா வெட்டுங்க" என்றாள் அக்கா, ஒன்றுமே நடக்காதது போல. "போன மொற மாரி மேலால வெட்டாதீங்க."

"தெரியும். நீ போயி கைக்கு ஒத்தடம் குடு" என்றார். இரண்டு வெட்டு வெட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிரபா, ஒங்க கம்பெனில சொல்லி வையி. அடுத்த மழைக்குக் குட்டிங்களக் கொண்டாந்தா, குளிப்பாட்ட வேணாம்னு."

பொழுது சாயும்வரை வெட்டினார். முடித்ததும் மண்வெட்டியை வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவினார். சாக்கைத் தேடவில்லை. கொட்டகை வாசலில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் சாத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.